கெர்னலுக்கு முன்னால் ஒரு கெர்னல்

ஒரே கம்ப்யூட்டரில் பலருடைய புரோகிராம்கள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே லினக்ஸ் கெர்னல். அதில் ஓட்டை விழுந்தால் ஒருவர் மற்றவர் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். 2016இல் அம்பலமான 'டர்ட்டி கவ்' பிழை 2007இலிருந்தே உள்ளே பதுங்கியிருந்தது.

கூகுள் 2018 மே மாதம் வெளியிட்ட ஜிவைசர் இதற்கு ஒரு தடுப்பு. புரோகிராம் கேட்பதையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது 'சென்ட்ரி' என்ற இடைக் கெர்னல். அது எழுதப்பட்டது சி மொழியில் அல்ல, 'கோ' மொழியில். நினைவகத்தில் எல்லை தாண்டும் பிழைகளை அந்த மொழியே பெரும்பாலும் தடுத்துவிடும்.

தலைவலி நெட்வொர்க்கில்தான். லினக்ஸ் பல ஆண்டுகளாக மெருகேற்றிய டிசிபி-ஐபியை 'நெட்ஸ்டாக்' என்ற பெயரில் அடியிலிருந்து எழுத வேண்டியிருந்தது: தொலைந்த பாக்கெட்டைக் கண்டுபிடிப்பது, மறுபடி அனுப்புவது, நெரிசலில் வேகத்தைக் குறைப்பது. வேகத்தில் லினக்ஸை எட்டுவது சுலபமாக இல்லை. அவசரக்காரர்களுக்கு, கீழேயுள்ள லினக்ஸ் நெட்வொர்க்கையே பயன்படுத்தும் வசதியும் உண்டு. வேலி கட்டியவர்களே வைத்த திட்டிவாசல்!

2020இல் லினக்ஸின் பாக்கெட் சாக்கெட் பகுதியில் ஒரு கணக்குப் பிழை சிக்கியது. சிவிஇ-2020-14386 என்று அதற்கு எண். சொந்த நெட்ஸ்டாக்கோடு ஜிவைசருக்குள் ஓடிய புரோகிராம்களின் கைக்கு அந்த ஓட்டை எட்டவே இல்லை.