அரைத்த மாவை அரைக்காமல்

புரோத்ராபூருக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். 2020 வரை, போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய இந்த ஊருக்கு இன்டர்நெட் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10இல் சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி கேபிள் திறக்கப்பட்டது. சரியாக இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 10இல் வந்தது வெப்பேக் 5 சாஃப்ட்வேர். இரண்டுமே காத்திருப்பைக் குறைக்க வந்தவை.

இன்றைய வெப்சைட் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களாக எழுதப்படுகிறது. எது எதைக் கேட்கிறது என்று பார்த்து, அவற்றைச் சில மூட்டைகளாகக் கட்டித் தருவது 'பண்ட்லர்'. வெப்பேக் அதில் ஒன்று. ஒரே ஒரு வரியைத் திருத்தினால் அத்தனையையும் மறுபடி கட்ட வேண்டுமா? வேண்டாம். செய்த வேலையைக் 'கேஷ்' (காசு அல்ல, சேமிப்பு) செய்துகொள்ளலாம். முந்தைய வெப்பேக் அதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. வேலையை நிறுத்தினால் எல்லாம் போச்சு. ஐந்தாம் பதிப்பு, கேட்டுக்கொண்டால், டிஸ்க்கிலேயே எழுதி வைக்கிறது.

சேமிப்பது சுலபம். சேமித்தது இன்னும் செல்லுமா என்று அறிவதுதான் கடினம். வெப்பேக் ஒவ்வொரு ஃபைலும் மாறிய நேரத்தையோ, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட 'ஹாஷ்' என்ற கைரேகையையோ ஒப்பிடுகிறது. ஃபைல்கள் புதிதாக நகலெடுக்கப்படும் சர்வரில் நேரத்தை நம்ப முடியாது, கைரேகைதான் கைகொடுக்கும். கட்டும் விதிகள் அடங்கிய ஃபைலையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், விதி மாறிய பிறகும் பழைய சரக்கே வரலாம். வெளியிலிருந்து வாங்கிப்போட்ட தொகுப்புகளை யாராவது கையால் திருத்தினாலும் வெப்பேக் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை.

கட்டிய மூட்டையின் பெயரிலேயே கைரேகையைச் சேர்க்கவும் முடியும். உள்ளடக்கம் மாறாத வரை பெயரும் மாறாது. புரோத்ராபூரில் உள்ள பிரவுசர் கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். மாறிய மூட்டை மட்டும் கடல் தாண்டினால் போதும்.

கப்பல் கட்டணத்தை ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதி வைத்த ஒரு பக்கத்தை நினைத்துப் பாருங்கள். கேஷ் ஏமாந்தால், பக்கம் வேகமாகத்தான் திறக்கும். பழைய கட்டணத்தோடு! படிப்பவருக்குச் சந்தேகமே வராது. தாமதம் கண்ணுக்குத் தெரியும், தவறு தெரியாது.

அரைத்த மாவையே அரைப்பது வீண் வேலை. ஆனால் புளித்த மாவை அடையாளம் தெரியாதவர் மாவைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.