"ஈசிஜி நார்மல், இனி கவலையில்ல"ன்னு சொல்றதை நிறுத்துங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு, அதாவது இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுற நோய்க்கு, அப்லேஷன் பண்ணிக்கிட்டவங்களும் அவங்க வீட்டுல இருக்கவங்களும் முழுசா படிங்க.

தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியா மெல்லிய கதீட்டரை இதயத்துக்குள்ள அனுப்பி, நுரையீரல்லேர்ந்து வர்ற சிரைகள் சேருற இடத்தைச் சுத்தி வடு உண்டாக்குறதுதான் இந்த சிகிச்சை. நல்ல சிகிச்சை. நான் அதுக்கு எதிரி இல்ல. "ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு"ன்னு ரீல்ஸ் போடுறாங்க பாருங்க, என் சண்டை அவங்களோடதான்.

அப்புறம் என்ன நடக்குது? மூணு மாசம் கழிச்சு ஒரு ஈசிஜி. கோடு சீரா இருக்கு. "சரியாயிடுச்சு, போயிட்டு வாங்க."

வழக்கமான ஈசிஜி பதிவு பண்றது சுமார் 10 செகண்ட். வருஷத்துக்கு நாலு எடுத்தாலும் 40 செகண்ட். ஒரு வருஷத்துல 3 கோடியே 15 லட்சம் செகண்ட் இருக்கு. ஆம்பூர் ஸ்டேஷன்ல 10 செகண்ட் நின்னு பாத்துட்டு "இந்த லைன்ல ரயிலே ஓடல"ன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்பீங்கதானே?

"எனக்குப் படபடப்பே இல்லையே டாக்டர்?" இதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 2013-ல் வெளிவந்த டிசர்ன் ஏஎஃப் ஆய்வில் 50 பேருக்கு சிகிச்சைக்கு முன்னாடியே தோலுக்கடியில் மானிட்டர் வைத்து, பிறகு 18 மாசம் கவனித்தார்கள். சிகிச்சைக்கு முன், நோயாளிக்குத் தெரிந்து வந்த ஒவ்வொரு முறைக்கும் தெரியாமல் வந்தது 1.1 முறை. பின்னாடி அது 3.7. மொத்தத்துல நோய் குறைஞ்சது உண்மை. மிச்சம் இருந்தது சத்தமில்லாம வந்துச்சு. 12% பேருக்கு அறிகுறியே இல்லாமல்தான் திரும்பியது.

2019-ல் வந்த சர்கா-டோஸ் ஆய்வில் 346 பேர், எல்லாருக்கும் உள்ளே மானிட்டர். முதல் மூணு மாசத்தை விட்டுட்டுப் பாத்தாலும், ஒரு வருஷத்துக்குள்ள கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏதோ ஒரு தடவை திரும்பி வந்தது. அதே ஆட்கள்ல பாதிக்கு மேல, நோய் ஓடுன மொத்த நேரம் 98 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருந்தது. திரும்பி வந்தா சிகிச்சை தோத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. இதை நோயாளிகிட்ட சொல்றதுல என்ன கஷ்டம்? விளம்பரத்துக்கு ஒத்து வராது, அவ்வளவுதான்.

சொல்லாததோட விலை என்ன தெரியுமா? "நார்மல்"னு கேட்டதும் ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரையை ஜனங்க தானா நிறுத்திடுறாங்க. ஷூ கம்பெனி சம்பளத்துல மாசாமாசம் வாங்குறது சுமைதான், புரியுது. ஆனா துடிப்பு சத்தமில்லாம திரும்பி, மேலறையில கட்டி சேர்ந்து, அது மூளைக்குப் போனா பக்கவாதம். ருமாட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு சுருங்கினவங்க நம்ம ஊர்ல இன்னும் நிறைய. அவங்க ஈசிஜி எவ்வளவு அழகா இருந்தாலும் அசிட்ரோமை விடக்கூடாது. மத்தவங்களுக்கு வயசு, பிரஷர், சுகர், முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சா எல்லாம் பாத்து டாக்டர் முடிவு பண்ணணும். ஒரு துண்டு கிராஃப் பேப்பர் அதை முடிவு பண்ணக் கூடாது.

"ஹோல்டர் மாட்டச் சொன்னா இவங்க வர்றதில்ல சார்"னு சக டாக்டர்கள் சொல்றாங்க. எப்படி வருவாங்க? ஆம்பூர்லேர்ந்து வேலூர் 50 கிலோமீட்டர். மாட்ட ஒரு நாள், கழட்ட மறுநாள். ரெண்டு நாள் கூலி போகுது, சூப்பர்வைசர்கிட்ட திட்டும் கிடைக்குது. பல லட்சம் பேக்கேஜ் போடத் தெரிஞ்ச ஆஸ்பத்திரிக்கு, 3, 6, 12-ஆம் மாசங்கள்ல பல நாள் ஒட்டுற பேட்ச் மானிட்டரை அதே பேக்கேஜ்ல சேர்க்கத் தெரியாதா? அப்லேஷனுக்கு முன்னாடியே இதைக் கேளுங்க, பில்லுல எழுதி வாங்குங்க.

வீட்டுல செய்ய வேண்டியது: தினமும் காலை, ராத்திரி, மணிக்கட்டுல விரல் வெச்சு முழுசா ஒரு நிமிஷம் நாடி பாருங்க. தையல் மெஷின் சீரா ஓடுறதுக்கும் நூல் சிக்கி விட்டுவிட்டு ஓடுறதுக்கும் வித்தியாசம் டெய்லருக்குச் சொல்லித் தரணுமா? அதே காதுதான். ஒழுங்கில்லாம இருந்தா அப்பவே, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க ஈசிஜி எடுத்து, பேப்பரை பத்திரமா வெச்சுக்குங்க. வேலூர் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருந்தா துடிப்பு சரியாகி, திரும்பவும் "நார்மல்"னு அனுப்பிடுவாங்க.

முகம் கோணல், கை தொங்குறது, பேச்சு குழறல்னா நாடியெல்லாம் பாக்காதீங்க. 108.