மச்சுப் பலகைக்கு மறுவாழ்வு

கடலூர் முதுநகரில் நமது நண்பர் ஒருவருடைய பாட்டனார் காலத்து மாடி வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாசி மாதத்தில் ஒரு நாள் அங்கே போயிருந்தோம். துக்கம் விசாரிக்கப் போனது போலத்தான் என்று நேயர்கள் வைத்துக்கொள்ளலாம். நாம் போய்ச் சேர்ந்த போது மச்சின்மேல் நான்கு ஆட்கள் கடப்பாரையும் கையுமாக நின்று கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நெம்புக்கும் ஒரு பலகை 'படீர்' என்று பிளந்து விழுந்தது. அந்தத் துண்டுகளைச் செங்கற் சூளைக்கு எடை போட்டு எடுத்துப் போக வாசலில் ஒரு வண்டி காத்திருந்தது.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம். மேலே அடுப்புப் புகையும் சுண்ணாம்பும் படிந்திருந்தன; பிளந்த இடத்திலோ பொன்னிறம்! அசல் பர்மாத் தேக்கு.

மச்சு என்றால் இன்னதென்று அறியாத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை: சுவருக்குச் சுவர் உத்திரம் ஏற்றி, அதன் குறுக்கே சட்டங்களை அடுக்கி, மேலே பலகை பரப்பி அமைத்த மாடித் தளமே மச்சு. அந்தப் பலகைகளுக்கான தேக்கு வங்கக் கடலைக் கடந்து வந்த காலம் ஒன்று இருந்தது. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த உறவு தடைப்பட்டது. பின்னர் 2014-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல், உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்யவே அந்நாடு தடை விதித்தது. தோப்பில் நட்டு வளர்த்த தேக்குங்கூட நன்றாக வைரம் பாய ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும். அப்படியிருக்க, கறையானும் எளிதில் நெருங்காத அந்த மரத்தை நாம் சூளைக்கு அனுப்புகிறோம்!

வேடிக்கை இதோடு முடியவில்லை. செம்மண்டலத்தில் நண்பர் கட்டிக் கொண்டிருந்த புது வீட்டின் மாடி அறைக்கு 'மரத்தளம்' போட வேண்டுமாம். அதற்காக அயல்நாட்டுச் சரக்கு ஒன்றை வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். அது என்னவென்று விசாரித்தோம். மர நாரை அழுத்திப் பலகையாக்கி, அதன்மேல் மரத்தின் புகைப்படத்தை அச்சிட்டு ஒட்டியது! முதுநகரில் மரத்தை எரித்துவிட்டுக் கெடிலத்துக்கு அக்கரையில் மரத்தின் படத்தை விரிப்பது என்ன கணக்கு என்று கேட்டோம். நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேலையை நிறுத்துங்கள்" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். அதற்குள் பாதி மச்சு போய்விட்டது.

மறுநாள் வயது முதிர்ந்த தச்சர் ஒருவர் வந்தார். முதலில் ஒவ்வொரு பலகைக்கும் சாக்குக் கட்டியால் எண் எழுதினார். ஆணியின் தலையைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் பலகை பிளக்கும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ரம்பத் தகட்டை நுழைத்து ஆணியை அறுத்தார். பிறகு மிச்சத்தைத் தட்டி எடுத்தார். "ஓர் ஆணி உள்ளே தங்கினாலும் இழைப்புளியின் வாய் போய்விடும், ஐயா" என்றார். சுவருக்குள் புதைந்திருந்த சட்டங்களின் நுனிகளைப் பேனாக் கத்தியால் குத்திப் பார்த்து, உளுத்ததை வெட்டித் தள்ளினார். எடுத்த பலகைகளை நிழலில் தரைக்கு மேலே உயர்த்தி, வரிசைக்கு வரிசை காற்றுப் புகக் குச்சி வைத்து, சில வாரங்கள் அடுக்கி வைத்தார். புது வீட்டில் பரப்பும்போது சுவரோரம் அரை அங்குலம் விட்டார். ஐப்பசி மழையில் மரம் ஈரத்தை வாங்கி விரியும். இடம் இல்லாவிட்டால் புடைத்துக் கிளம்பும்.

பழைய வர்ணம் பூசிய மரமானால் இன்னொரு எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி அமலுக்கு வந்தது 2017-ல்தான். அதற்கு முந்திய வர்ணத்தைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் உலரச் சுரண்டித் தூள் பறக்கவிடக் கூடாது.

ஒரு வீட்டையே இப்படிப் பெயர்த்துக் கொண்டு போய் வைக்க முடியுமா என்று கேட்பவர்கள், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ராவைப் போய்ப் பார்க்கலாம். 1996-ல் திறக்கப்பட்ட அந்த இடத்தில் செட்டிநாட்டு வீடும் கேரளத்து மர வீடும் ஊர்விட்டு ஊர் வந்து எழுந்து நிற்கின்றன. இடிபட இருந்தவற்றைக் கைதேர்ந்தவர்கள் பிரித்தெடுத்து மறுபடி பூட்டியதன் பலன் அது. மரத்தின் மூட்டுகளை அறிந்தவன் கையில் வீடு பிரியும். அறியாதவன் கையில் உடையும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பலகை பிழைத்ததனால் வீடு பிழைத்துவிட்டதாகாது. செப்பனிட்டுக் குடியிருக்கக் கூடிய வீட்டை, அதன் கதவும் தூணும் நல்ல விலைக்குப் போகும் என்பதற்காக இடிப்பது, நகைக்காக ஆளைக் கொல்வது போன்றது. இடித்தே தீரவேண்டிய வீட்டுக்குத்தான் நாம் சொல்லும் யோசனை.

ஆனி மாதம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். மிஞ்சிய பலகைகள் ஓர் அறைக்குத்தான் போதியிருந்தன. அவருடைய தாயார் அந்த அறையின் நடுவே குனிந்து, ஒரு பலகையில் இருந்த கருவட்டத்தைக் காட்டினார். அந்த வீட்டுக்கு வாழ வந்த வருஷம் தாம் கணப்புச் சட்டியை வைத்துச் சுட்டுவிட்ட இடமாம். மாமியாரிடம் வாங்கிய திட்டு இன்னும் ஞாபகமிருக்கிறதாம். பிறகு நிமிர்ந்து, "ஊஞ்சலுக்குக் கீழே இருந்த பலகை எங்கேடா?" என்று மகனைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அது முதல் நாளே வண்டியேறிவிட்டது.

ஆகையால், வீடு இடிக்க ஒப்பந்தம் எழுதும் நேயர்கள் தயவு செய்து ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: 'மரத்தை எடை போட்டு அல்ல, எண்ணி ஒப்படைக்க வேண்டும்.' கடப்பாரை மேலே ஏறுவதற்கு முன்பே அதை எழுதிவிடுங்கள்.