காசில்லாத பேச்சு... கவனம் தப்பினால் போச்சு!

சிவகிரி:

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி பக்கம் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம். "கேக்குதா... நான் பேசுறது கேக்குதா?" வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரோடு வாட்ஸ்அப் காலில் பேச்சு.

முன்பு இது லேசான காரியமா? எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, மீட்டரில் ஓடும் சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நலம் விசாரித்து முடிப்பதற்குள் பர்ஸ் காலி! அதற்குப் பயந்தே கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் ஏராளம்.

இந்தியாவில் நெட் மூலம் வெளிநாட்டுக்குப் பேச 2002 ஏப்ரல் 1-ந்தேதி அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு ஸ்கைப் வந்தது (2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள்). 2015-ல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதியும், 2016-ல் முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தன. அதே 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிய, பூத்துகள் காணாமல் போயின. பிறந்த பிள்ளையின் முகத்தை அப்பன் அன்றைக்கே பார்க்கிறான். இந்த ஒரு லாபத்துக்கு ஈடு இல்லை.

சரி, சிக்கல் எங்கே?

துபாய், அபுதாபி போகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி அங்கேதான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், வாய்ஸ் நோட் போகும். கால் மட்டும் போகாது. அந்த நாட்டில் அனுமதி உள்ள 'போட்டிம்' மாதிரி ஆப்களில்தான் பேச வேண்டும். ரூம்மேட் சொன்னான் என்று வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டுவது வினை. வி.பி.என்.னை வைத்துக் குற்றம் செய்தால் அங்கே அபராதமே 5 லட்சம் திர்ஹாமில்தான் ஆரம்பம். எத்தனை வருஷ சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

அதை விடப் பெரிய ஆபத்து, திரையில் தெரியும் படத்தை நம்புவது. வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் யார் போட்டோவையும் வைத்துக்கொள்ளலாம். "நம்பர் மாத்திட்டேன், அவசரம், பணம் போடு" என்று மெசேஜ் வரும். படத்தில் உங்கள் மச்சான் சிரித்துக்கொண்டிருப்பார். அப்போது அவருடைய பழைய நம்பருக்குச் சாதாரண போனில் ஒரு கால் போடுங்கள். ஐ.எஸ்.டி.க்கு நாலு காசு செலவானால் ஆகட்டும். அந்த ஒரு நிமிடத்தில் வேஷம் கலைந்துவிடும்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' கதையும் இதே வழியில் வந்ததுதான். போலீஸ் உடுப்போடு ஒருத்தன் வீடியோ காலில் வந்து மிரட்டுவான், போனை வைக்கவே விடமாட்டான். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாலே மாதத்தில் இப்படிப் பறிபோனது 120 கோடி ரூபாய்க்கு மேல் என்கிறது மத்திய அரசு கணக்கு. வீடியோ காலில் கைது செய்ய நம் நாட்டில் சட்டமே கிடையாது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடியும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து பேசுகிறார், ஆனால் திரையில் உள்ளூர் பத்து இலக்க நம்பர் விழுகிறதா? சந்தேகப்படுங்கள். நெட்டில் வரும் காலை 'சிம் பாக்ஸ்' பெட்டி வைத்து உள்ளூர் காலாக மாற்றும் திருட்டு எக்ஸ்சேஞ்ச் வேலையாக இருக்கலாம். 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி, அனுமதி இல்லாமல் இப்படிச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 கோடி வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஆதாரைக் கொடுத்து சிம் வாங்கித் தருகிறவர்களும், விசாரிக்காமல் ரூம் வாடகைக்கு விடுகிறவர்களும் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் பார்க்கலாம்.

உயிர் போகிற அவசரத்துக்கும் வாட்ஸ்அப் கால் உதவாது. 108-க்குச் சாதாரண போனில்தான் அடிக்க வேண்டும். மலையடிவாரத் தோட்டத்தில் பாம்பு கடித்தால் நெட் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டா நிற்க முடியும்?

அதனால் வீட்டில் பெரிசுகளின் பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டேட்டா இல்லாமல் பேச மட்டும் தனி பேக் தரவேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. கடையில் அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.