பயாஸ் அப்டேட்: செய்யணுமா, சும்மா விடணுமா?

‘நல்லா ஓடுற சிஸ்டத்துல எதுக்குங்க கை வைக்கணும்?’ - பயாஸ் அப்டேட் பற்றி சர்வீஸ் கடையில் விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். பல ஆண்டுகளாக அது நல்ல ஆலோசனையாகவும் இருந்தது. ஆனால், 2024-க்குப் பிறகு அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது.

ஏன் இந்தப் பயம்?

பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்பே வேலையைத் தொடங்குவது பயாஸ். மதர்போர்டில் ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும் இந்த மென்பொருள்தான் பிராசஸர், ராம், டிஸ்க் எல்லாவற்றையும் சரிபார்த்து எழுப்புகிறது. இன்றைய போர்டுகளில் இருப்பது யூஇஎஃப்ஐ என்ற புதிய வடிவம். பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம்.

விண்டோஸ் கெட்டுப்போனால் பென் டிரைவ் மூலம் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அப்டேட் பாதியில் கரன்ட் போய் பயாஸ் கெட்டால், அந்தப் பென் டிரைவைப் படிக்கக்கூட ஆள் இருக்காது. தனிக் கருவியை வைத்து சிப்பில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். அதனால் பயத்தில் அர்த்தம் இருக்கிறது.

2024-ல் என்ன நடந்தது?

இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் கேம்கள் திடீரென மூடின, நீலத்திரை வந்தது. பிராசஸர் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்பதும், அதனால் சிப்பின் ஒரு பகுதி சீக்கிரமே மூப்படைவதும் காரணம் என்று தெரியவந்தது. ஆகஸ்ட் மாதம் அதற்கான மைக்ரோகோடு திருத்தம் வந்தது. அது பயாஸ் அப்டேட்டாகவே பயனாளர்களுக்குக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிராசஸரை இந்த அப்டேட் குணப்படுத்தாது. இனிமேல் கெடாமல் தடுக்கும், அவ்வளவுதான். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்ட்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால், ‘சும்மா விடு’ என்று இருந்தவர்களின் பிராசஸருக்கு, ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடிக்கொண்டே போனது.

2023-லும் இதே மாதிரி ஒன்று. ஏஎம்டியின் ரைஸன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியதாகப் புகார் வந்தபோது, எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது பயாஸ் அப்டேட்தான்.

எப்போது செய்யணும்?

மூன்று சூழல்களில் தயங்கக் கூடாது. ஒன்று, உங்கள் போர்டு அல்லது பிராசஸருக்கான பாதுகாப்புக் குறையையோ சேதத்தையோ தடுக்கும் திருத்தம் வந்திருக்கும்போது. இரண்டு, பழைய போர்டில் புதிய பிராசஸர் போடும்போது. பி450 போர்டில் ரைஸன் 5000 போடுபவர், பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே அப்டேட் செய்துவிட வேண்டும். மூன்று, உங்களுக்கு இருக்கும் அதே கோளாறு, வெளியீட்டுக் குறிப்பில் சரிசெய்யப்பட்டதாக இருக்கும்போது.

‘புது வெர்ஷன் வந்திருக்கு, ஸ்பீடு கூடுமாம்’ என்பது மட்டும் காரணம் என்றால் விட்டுவிடலாம். பீட்டா வெர்ஷன் பக்கமே போக வேண்டாம்.

இங்கே தயாரிப்பாளர்கள் மீதும் குறை இருக்கிறது. பல வெளியீட்டுக் குறிப்புகளில் ‘சிஸ்டம் நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான். என்ன கோளாறு, யாருக்கு, எவ்வளவு அவசரம் என்று சொல்லாமல் முடிவை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பயத்தை வளர்ப்பதே இந்த மௌனம்தான்.

செய்வதாக இருந்தால்...

போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் சரிபாருங்கள். ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்தில் மட்டும் எடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப்பைத் தொடாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கட்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிகவரி கீயை முதலில் எழுதிவையுங்கள், அப்டேட் முடிந்ததும் கேட்கலாம். பயாஸில் மாற்றிய செட்டிங்குகள் அழிந்துபோகும் என்பதால் அவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஆன் ஆக சில நிமிடங்கள் பிடிக்கலாம். பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள். ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால், அப்டேட் சொதப்பினாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆடிட்டர் ஆபீஸோ டிடிபி சென்டரோ, வேலை நெருக்கும் நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

‘அப்டேட் வந்திருக்கா?’ என்பதைவிட, ‘இது எதைச் சரிபண்ணுது, அது என் சிஸ்டத்துல இருக்கா?’ என்று கேட்பதே முக்கியம். ஆம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். இல்லை என்றால், கடைக்காரர் சொன்ன பழைய பதிலே இன்றைக்கும் போதும்.