கடன் கிடைத்தது, சரக்கை யார் வாங்குவது?

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% மூலதன மானியம், 6% வட்டி மானியம். நல்ல திட்டம்தான். களப்பணியில் நான் சந்தித்த அக்கா ஒருவர் மானியம் வாங்கி மசாலாப் பொடி யூனிட் தொடங்கினார். பாக்கெட்டில் காலனி முகவரியைப் பார்த்த மளிகைக்கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நஷ்டத்துக்கு எந்த மானியம்?

சாதி பார்க்காமல் வாங்கக் கடமைப்பட்டது அரசு. 2012ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் கொள்கைப்படி, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டை எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரின் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். இட ஒதுக்கீடு என்றால் வேலை, கல்லூரி சீட் என்றே பேசிப் பழகிவிட்டோம் (நானும்தான்). இந்த 4 விழுக்காட்டை யாரும் கேட்பதில்லை. தோழர்களே, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பொதுத்துறை நிறுவனத்துக்கு ஓர் ஆர்டிஐ போடுங்கள்: போன ஆண்டு எங்களிடம் எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?