மகத்துக்கு ஒரு சாண் தெற்கே

மாசி, பங்குனி இரவுகளில் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மக நட்சத்திரம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். அங்கிருந்து தெற்கு நோக்கி, நீட்டிய கையால் ஒரு சாண் அளந்தால் விரல் நுனி தொடுமிடத்தில், சுமார் 3 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு நட்சத்திர மண்டலம் இருக்கிறதென்பதையும், அதனை 1787 பிப்ரவரி 22 அன்று, நமது கணக்கில் ஒரு மாசி மாதத்தில், இங்கிலாந்திலிருந்து வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தாரென்பதையும், மாசி மகத்துக்குக் கடலாடி ஈர வேட்டியோடு திரும்பும் நம்மவருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை.

சுருள் கரங்கள் ஏதுமின்றி, ஆப்பத்தைப் பக்கவாட்டில் பார்த்தாற்போல நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும் இவ்வகையை வில்லை வடிவ மண்டலம் என்பர். நட்சத்திரங்களைப் பிறப்பிக்கும் வாயு பெரும்பாலும் தீர்ந்துபோய், முதிய நட்சத்திரங்களே மிகுந்திருக்கும் ஸ்திதி அதனுடையது. என்.ஜி.சி. 3115 என்று எண்ணிடப்பட்ட இதற்கு, நூல் நூற்கும் கதிரின் சாயல் இருப்பதால் அதன் பெயரே வழங்குகிறது. இதன் மையத்தில் சூரியனைப்போல் ஏறத்தாழ 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை ஒன்று உண்டென்று 1992இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

ஹெர்ஷல் இதைக் கண்டதற்கு முந்திய வருஷத்தில்தான், கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் வானாராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்தார். அது 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற, அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் 1867இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். அப்பேர்ப்பட்ட பட்டணத்தில் இன்று பேரப்பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்ட, அடையாற்றைக் கடந்து கோட்டூர்புரம் கோளரங்கத்தில் சீட்டு வாங்கவேண்டியிருக்கிறது. மெய்யான ஆகாயமே வேண்டுமென்றால் ஜவ்வாது மலைக் காவலூர்ப் பக்கம் போகவேண்டும்.

பட்டணத்து ஆகாயத்தை மறைப்பது மேல்நோக்கிச் சிதறும் விளக்கு வெளிச்சந்தான்; அதற்காகத் தெருவிளக்கே கூடாதென்று வாதாடும் பைத்தியக்காரத்தனம் எனக்கில்லை. வேலை முடிந்து தியாகராய நகரிலிருந்து இரவு பத்து மணிக்குத் திரும்பும் பெண்களுக்கு வெளிச்சம் அத்தியாவசியம். வெளிச்சம் தரையில் விழவேண்டுமென்பதும், அதற்கு விளக்கின் தலைக்கு மேல் ஒரு மூடியும் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பும் சிரத்தையும் போதுமென்பதுமே என் கட்சி. எங்கள் வீட்டெதிரிலுள்ள கம்பத்தில் விளக்கு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதன் ஒளியில் பாதி தென்னை மட்டையின் அடிப்புறத்துக்கும் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் போய்ச் சேர்கிறது. கம்பத்தடியில், சென்ற மழைக்கு விழுந்த பள்ளம் இருட்டிலேயே கிடக்கிறது.